நான் வரவழைத்த அம்மை

எஸ்தருக்கு அம்மை வரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

ஆமாம், படிக்கிற உங்களிடம்தான் சொல்கிறேன். பதினான்கு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி. பாதிரி ஐயாவுக்குத் தெரியாது. துரைசானி அம்மாவுக்குத் தெரியாது. அம்மையில் படுத்ததாக ஊரே நம்பிய அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்... அவர் இதுவரை வாய் திறக்கவில்லை.

எனக்கு எழுத்து நன்றாக வராது. எஸ்தர் பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதில் இன்னமும் திகைப்பு. ஆனாலும் இதை வேறொருவரிடம் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் ராகேல். தாது வருஷப் பஞ்சத்தில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இந்தத் தேவாரம் ஊரில் பாதிரி ஐயா வைத்திருந்த கஞ்சித்தொட்டிக்கு எலும்பும் தோலுமாக வந்து விழுந்தவள். பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுத ஒருத்தியின் பெயராம் இது. ஞானஸ்நானத்தின்போது ஐயா சொல்லித்தான் வைத்தார். துரைசானி அம்மாவுக்கு அப்போது ஐந்து வயதில் ஒரு மகன், சாமுவேல். கைக்குழந்தையாக ஒரு மகள், எஸ்தர். இரண்டும் என் கைக்கு வந்தன.

அம்மா பிள்ளைகளுக்கு நிறையச் சட்டம் வைத்திருந்தார். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கக் கூடாது. கொதிக்காத தண்ணீர் குடிக்கக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரியம்மா, சரியம்மா என்று தலையாட்டினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் என் சட்டம்! கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் தின்று வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் வளர்த்தேன். ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்ததில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஏழு வயது முடிந்தால் சீமைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இங்கேயே இருந்தால் வெயில் உடம்பைக் கெடுக்குமாம், எங்கள் பேச்சும் பழக்கமும் குணத்தைக் கெடுக்குமாம். பெற்றவர்கள் இங்கே ஊரார் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள்... பெற்றது கடலுக்கு அந்தப்புறம் அழுதுகொண்டிருக்கும்! நான் படிக்காதவள். எனக்கு இந்தக் கணக்கு புரிந்ததே இல்லை.

சாமுவேல் போன நாளில், வண்டியில் ஏறமாட்டேன் என்று என் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான். "ஆத்தா, நீயும் வா... ஆத்தா, நீயும் வா" என்று ஒரே கூச்சல். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் விரல்களைப் பிரித்தது நான்தான். ஒவ்வொன்றாக. அன்றைக்கே முடிவு பண்ணினேன்: அடுத்ததை அனுப்ப விடமாட்டேன்.

ஐந்து வருஷம் போயிற்று. எஸ்தருக்கு ஏழு முடிந்தது.

இந்தத் தடவை அம்மாவே கூடப் போவதாக ஏற்பாடு. மகளை விடுதியில் சேர்த்து, ஒரு வருஷம் மகனோடும் மகளோடும் இருந்துவிட்டு, தனியாகத் திரும்பிவர வேண்டும். மதுரையிலிருந்து இன்னொரு பாதிரி குடும்பமும் அதே கப்பலில் போகிறது. மாசி மாதம் பயணம். அம்மையநாயக்கனூர் போய் ரயில், தூத்துக்குடியில் கப்பல்.

அம்மா மகனுக்கு ஒரு கம்பளிக் கோட்டுத் தைத்தார். அவனைப் பார்த்து ஐந்து வருஷம் ஆயிற்றே, அளவுக்கு எங்கே போவது? என்னைக் கூப்பிட்டார். நான் குள்ளம்.

"செத்த நேரா நில்லு ராகேலு. பன்னெண்டு வயசுப் பையன் ஒன் ஒசரந்தான இருப்பான்?"

"இருப்பாகம்மா. கூழு குடிச்ச ஒடம்பு. கூடவே இருப்பாக."

"என்ன கூழு?" என்று அம்மா ஊசியை நிறுத்தினார்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா!"

அம்மா சிரித்தார். பங்குனி வெயில் போல ஒரு சிரிப்பு, பார்க்கவே கண் கூசியது. மகனைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அது. எனக்குத் தெரியாமலா? அந்தக் கோட்டை நான் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையனுக்காக அவர் வைத்த ஒவ்வொரு தையலும் என் தோள்மேல்தான் விழுந்தது. தெரிந்தும்தான் செய்தேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்... தெரிந்துதான் செய்தேன்.

பங்களாத் துணி வெளுக்கிற மாடத்தியிடம் போனேன். துணிக்குக் குறி போட சேராங்கொட்டை வைத்திருப்பாள். அதன் பால் துணியில் பட்டால் கறுப்பு, தோலில் பட்டால் கொப்புளம்.

"எதுக்குக்கா ஒனக்குச் சேராங்கொட்ட?"

"கால்ல ஆணி. வச்சுக் கட்டணும்."

"பாத்துக்கா! மூஞ்சில கீஞ்சில பட்டுச்சு, எம் மாமியா மாதிரி ஆயிருவ. அவளுக்குக் கொட்டையே தேவப்படல, அப்பிடியே பெறந்தா!"

சிரித்துவிட்டு நாலு கொட்டையை முடிந்து வந்தேன். முதலில் என் கையிலே வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் சிவந்து, நீர் கோத்து, அச்சு அசல் அம்மை முத்து! இந்த முழங்கைக்கு மேலே இன்னமும் தழும்பு இருக்கிறது.

பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மத்தியானம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, தூங்கவைத்தேன். ஈர்க்கு நுனியால் தொட்டுத் தொட்டு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புள்ளி வைத்தேன். வாசலில் கோலத்துக்கு வைப்போமே, அப்படி. முகத்தில் வைக்கவில்லை. பெண்பிள்ளை அல்லவா?

இரண்டாம் நாள் பூத்தது!

பாதிரி ஐயா மருத்துவப் புஸ்தகத்தை விரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவர் தமிழை முன்ஷி வாத்தியாரிடம் படித்தவர். அம்மா சமையல்கட்டில் படித்தவர். ஐயா சொன்னார்: "ராகேலே, இது ஐயமின்றிச் சின்னம்மையே. நாம் யாத்திரையை ஒத்திவைத்தல் வேண்டும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் என்று நினைத்திருப்பார். சிரிப்பை மறைக்கத்தான்!

சிரிப்பு இரண்டு நாள்தான் நின்றது. தோள்பட்டையில் ஒரு சொட்டுக் கூடிவிட்டது போலிருக்கிறது. அந்த இடம் வெந்து, சீழ் பிடித்து, பிள்ளைக்கு மெய்யாகவே காய்ச்சல் கண்டது. "எரியுது ஆத்தா... எரியுது ஆத்தா..." என்று என் மடியில் புழுவாகத் துடித்தாள். என்ன காரியம் செய்தேன்! பஞ்சத்துக்குக் கொடுத்தது போதாதென்று இதையும் நானே கொன்றுவிடுவேனோ? அந்த மூன்று நாளும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சேராங்கொட்டைப் புண்ணுக்குத் தேங்காய்தான் மருந்து. அம்மைக்குக் குளிர்ச்சி என்று பொய் சொல்லித் தேங்காய்ப்பால் பிழிந்து பிழிந்து பூசினேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. மாதம் பிறந்தபோது புண் ஆறியது.

அதற்குள் கப்பல் போய்விட்டது. சாமுவேலுக்குத் தைத்த கம்பளிக் கோட்டை மதுரைக் குடும்பத்தார் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயா கோவிலில் இந்த அற்புதத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். முகத்தில் ஒரு வடுக்கூட இல்லாமல் கர்த்தர் காத்தாராம். சபை முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லிற்று. நானும் சொன்னேன், எல்லோரையும்விடச் சத்தமாக! என்ன நெஞ்சழுத்தம் எனக்கு... அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ கண்ணசராம பாத்த. நீ இல்லேன்னா இவ இல்ல" என்றார். அந்தக் கையில்தான் கொட்டையின் கறை போகாமல் இருந்தது. அம்மா கவனிக்கவில்லை.

இனி அடுத்த மாசிக்குத்தான் பயணம். ஒரு வருஷம் கிடைத்ததே! அதற்குள் இன்னொரு வழி தோன்றாமலா போகும்?

வழி தானாக வந்தது. எப்படி வந்தது தெரியுமா?

தை மாதம், மறுபடியும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். தபால் வந்தது. மார்கழிக் குளிரில் சாமுவேலுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒன்பதாம் நாள் இறந்துபோனான் என்று விடுதிக்காரி எழுதியிருந்தாள். கடைசி இரண்டு நாள் யாருக்கும் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே இருந்தானாம்.

அம்மா அழவில்லை. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தமிழு ராகேலு. தமிழ்லதான் பேசியிருக்கான். அங்கன ஒருத்தருக்கும் தெரியல... என்ன கேட்டிருப்பான் எம் பிள்ள? தண்ணி கேட்டிருப்பானா?"

நான் அந்தக் கொட்டையைத் தொடாமல் இருந்திருந்தால், அவன் கேட்டது என்னவென்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் தாய் இருந்திருப்பாள். அந்த மார்கழியில் அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். தாய் போயிருந்தால் பையன் பிழைத்திருப்பானா? தெரியாது. யாருக்குத் தெரியும்? ஆனால் தண்ணீர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்!

அன்று மாலை அம்மா கட்டின பெட்டியைப் பிரித்தார். எஸ்தரின் கம்பளி உடுப்புகளை எடுத்து வெளியே போட்டார். ஐயா, "பொறுமை கொள்வாயாக" என்று தொடங்கினார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஒண்ணக் குடுத்தாச்சு. இவள விடமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எஸ்தரைச் சீமைக்கு அனுப்பும் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

ஆக, நான் ஜெயித்தேன்! கப்பலையும், கடலுக்கு அப்பால் மேசை போட்டுச் சட்டம் எழுதினவர்களையும் ஜெயித்தேன். ஆனால் என் கொட்டை வாங்கிக்கொடுத்தது ஒரு வருஷம்தான். மிச்சத்தை வாங்கிக்கொடுத்தவன் சாமுவேல்.

என் எஸ்தர் வளர்ந்த வளர்த்தியைச் சொல்ல வேண்டாமா? அம்மாவே வீட்டில் உட்காரவைத்துப் படிப்பித்தார். மூன்று பாஷை எழுதுவாள். மலைக்கு அந்தப்புறத்திலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களோடு அவர்கள் பேச்சே பேசுவாள். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள். எந்தச் சாதிக்காரப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று நின்று சாதித்தாள். ஒருமுறை ஆண்டிபட்டியிலிருந்து சேலைக்காரர் ஒருவர் வந்து, வெள்ளைத்தோலைக் கண்டதும் விலையை ஏற்றினார். எஸ்தர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாளே பார்க்கலாம்:

"ஏண்ணே, தோலப் பாத்தா வெல சொல்லுவீக? நான் தேவாரத்துக்காரி! பாதி வெலைக்குக் குடுத்துட்டு, ஒரு வா மோரு குடிச்சிட்டுப் போங்க!"

அவர் வாயைப் பிளந்துகொண்டு பாதி விலைக்குக் கொடுத்தார். மோரும் குடித்தார். அன்றைக்கு என் மார்பு எவ்வளவு விரிந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! பெற்றவளுக்குக்கூட அத்தனை பெருமை இருந்திருக்காது.

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து பள்ளத்தாக்குக்கு வந்து இரண்டு வருஷம் கழிந்தபோது, ஐயாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. சீமைக்கே திரும்பிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மா மகளைக் கெஞ்சினார்.

"நான் எங்கிட்டும்மா வருவேன்?" என்றாள் எஸ்தர். "அங்கன எனக்கு யாரத் தெரியும்? பள்ளிக்கூடத்த யாரு பாப்பா? எனக்கு ஊரு இதுதான்."

அம்மையநாயக்கனூருக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ஐயாவை ரயிலில் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, அம்மா இறங்கி என்னிடம் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"ராகேலு, ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போது சொல்லிவிடு! இனி இந்த முகத்தைப் பார்க்கப் போவதில்லை! ஆனால் எஸ்தர் என் தோளில் சாய்ந்து நின்றாள். சொன்னால் அந்தச் சுமை என் தோளைவிட்டு எடுபட்டுவிடுமே... "போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

"வரமாட்டேன் ராகேலு" என்றார் அம்மா.

மகனைப் பறித்தேன். பிறகு மகளையும் எடுத்துக்கொண்டேன். ரயில் போன பிறகு மகள் என்னோடு மாட்டுவண்டியில் ஏறினாள்! திரும்ப அந்த நாள் வந்தால் அந்தக் கொட்டையைத் தொடாமல் இருப்பேனா? கேட்டுப் பார்க்கிறேன்... இருக்கமாட்டேன் என்றுதான் பதில் வருகிறது. இப்படிப்பட்டவளுக்கு மன்னிப்பு எங்கே இருக்கும்?

மாதம் ஒரு கடிதம் வருகிறது. அம்மா இப்போது மகன் படுத்திருக்கிற ஊரில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் அவன் கல்லறைக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்து அவனோடு தமிழில் பேசுகிறாராம். எனக்கென்று கடைசியில் தமிழில் ஒரு வரி இருக்கும். எஸ்தர் அதை வாசிக்கமாட்டாள், என்னையே எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்வாள். ஒவ்வொரு மாதமும் அதே வரி: "ராகேல், நீ வளர்த்த பிள்ளை அல்லவா, உன் பெயரைச் சொல்லியும் ஒரு பூ வைத்தேன்."

வைக்காதீர்கள் அம்மா என்று எழுத எனக்கு எழுத்துத் தெரியும். இதுவரை எழுதவில்லை.