வேலிக்குள் ஐந்து தரம்

வேலிக்கு நட்ட கிளுவைக் "கதியால்" முறிந்த பச்சை மணம் மூக்கில் ஏறினால் எனக்குச் சின்னம்மாவின் ஞாபகம்தான் வரும். ஏனென்றால் நான் சைக்கிள் பழக்கிய முதல் மாணவியும் வேலிக்குள் விழுத்திய முதல் மாணவியும் அவர்தான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இடம்பெயர்ந்து வந்து சுன்னாகத்துக்கு அருகே, இரு பக்கமும் வேலி நின்ற ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். பள்ளிக்கூடம் எனக்கு அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது. சின்னம்மாவுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தையற்கடையில் வேலை கிடைத்திருந்தது. பஸ் ஓடாத காலம். திங்கட்கிழமை சைக்கிளில் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. கையில் நான்கு நாள், ஒரு பழைய சைக்கிள், அதை ஓடத் தெரிந்தவன் நான் ஒருவன்.

சின்னம்மா இருந்த சைக்கிள் "சீற்றைப்" பிடித்தபடி பின்னால் ஓடித் தொண்டை கிழியக் கத்துவேன்: "சின்னம்மா, வேலி! வேலி! வேலிக்கை விட்டிடாதையுங்கோ!" அவர் நேரே வேலிக்குள்தான் போவார். மூன்று நாளில் ஐந்து தரம். வேலிக்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, "பிள்ளை, மற்றப் பக்க வேலியும் சும்மாதான் நிக்குது" என்பார்.

ஐந்தாம் தரம் கிளுவைக்குள் கிடந்தபடியே சின்னம்மா சொன்னார்: "டேய் வாத்தியார், நீ வேலி எண்டு கத்தேக்கை எனக்கு வேலிதான் தெரியுது. றோட்டு எங்கையெண்டு ஒருக்காச் சொல்லன்!"

மறுநாள் ஒழுங்கை முடிவில் நின்ற பூவரசைக் காட்டி, "அதைப் பாத்து மிதியுங்கோ" என்றேன். போய்ப் பூவரசிலேயே மோதினார்; ஆனால் அதுவரை நேராகப் போயிருந்தார். திங்கட்கிழமை பின்னேரம், கடையில் தைக்கத் தந்த துணிப்பொதியோடு, கீறல் விழுந்த கையால் மணியடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பிறகு பல ஊர் அலைந்து, பல வேலை பார்த்து, இப்போது அதே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்குகிறேன். வேலியை விட்டு றோட்டைக் காட்டு என்று சின்னம்மா அன்றே சொல்லித் தந்ததுதான். ஆனால் அவசரம் வந்தால் பழைய வாய் இன்னும் முந்திக்கொள்கிறது. போன கிழமை பழக வந்த ஓர் அக்கா மதிலை நோக்கிப் போனார். "மதில்" என்று வந்ததை விழுங்கிவிட்டு, முன்னால் ஓடி, "என்னைப் பாருங்கோ அக்கா!" என்றேன். பார்த்தார், என்மீதே வந்தார். பாய்ந்து விலகியதில் என் முழங்கைத் தோல் மதிலோடு போய்விட்டது.

"மாஸ்ரர், நான் நேராத்தானே வந்தனான்?"

"ஓம், நல்ல நேர்."

ஒழுங்கையின் இரு பக்கமும் இப்போது மதில்தான். விழுந்தால் தாங்க ஒரு கதியாலும் இல்லை. இனி அடுத்த ஆள் மோதுமுன் நான்தான் கொஞ்சம் "கெதியாகப்" படிக்க வேண்டும்.