கமாசாவாவில் இரண்டாவது காபிப்பால்

என் நண்பன் தொக்குநாகா, நான் எதைச் சொன்னாலும் மூன்றால் வகுத்துக்கொண்டுதான் கேட்பான். நான் பிடித்த மீனின் நீளம், என்னைத் துரத்திய கரடியின் எடை, எல்லாவற்றையும். அவன் மேல் தப்பில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. மீனை நீட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அந்தக் கரடிகூட, உள்ளதைச் சொன்னால், என்னைப் பார்த்துத் தானே ஓடிப்போய்விட்டது.

ஆனால் போன பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி கமாசாவா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் நடந்ததை நான் ஒரு அங்குலம்கூட நீட்டவில்லை. நிமிடக் கணக்கோடு குறித்து வைத்திருக்கிறேன். நோட்டு இதோ, என் முன்னால் திறந்து கிடக்கிறது.

நோட்டு என்னுடையதல்ல. என் மனைவி கிக்குயேயுடையது.

விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு உண்டு. ரயில் அவள் பொறுப்பு. வெந்நீர் ஊற்று என் பொறுப்பு. செங்கல் தடிமனுக்கு ஒரு கால அட்டவணைப் புத்தகத்தை மேசையில் விரித்து, எந்த ஊரில் எந்த வண்டி மாறுவது, எத்தனை நிமிடம் குளிக்கலாம் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவாள். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருக்கும். உண்மையில் வண்டி வந்த நேரத்தை அதில் எழுத வேண்டும். தேனிலவிலேயே எழுதினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிக்கும் இடத்தில் மட்டும் நாங்கள் பிரிந்துவிடுவோம். ஆண்கள் பக்கம் நீலத் திரை, பெண்கள் பக்கம் சிவப்புத் திரை. நடுவில் ஒரு மரச் சுவர். அது கூரை வரைக்கும் எட்டாது. முதலில் குளித்து முடிப்பவர் சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பது வழக்கம். அது எப்போதும் நான்தான்.

"கிக்குயே! நான் கிளம்பறேன்!"

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க!"

சொல்லிவிட்டு, தண்ணீர் மொள்ளும் மரக் குவளையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக்... டொக். நான் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். நான் வெளியே பெஞ்சில், ஈரத் தலையோடு, இரண்டு பாட்டில் காபிப்பாலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். குடித்ததும் பாட்டிலைக் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பாள். ஊரான் கடைப் பாட்டிலைக் கழுவ இவளுக்கென்ன வந்தது என்று கேலி செய்வேன். நாற்பத்தொரு வருடம் இப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். பயணத் திட்டம் ஒன்று நோட்டில் அப்படியே நின்றுவிட்டது.

அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"டேய் செகாவா, தனியாவா போறே?" என்றான் தொக்குநாகா. "வழி தெரியாம சைபீரியாவுல போய் இறங்கிடாதே."

"கிக்குயே போட்ட திட்டம்டா. நான் தூங்கிட்டாக்கூட வண்டி என்னைச் சரியான ஊர்ல எறக்கிவிட்டுடும்."

"வந்து என்ன கதை விடப்போறேன்னு இப்பவே பயமா இருக்கு."

புது கால அட்டவணை வாங்கி, ரயில்கள் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். வெந்நீர் ஊற்றைச் சரிபார்க்கவில்லை. முந்நூறு வருடமாக ஒரே இடத்தில் கொதித்துக்கொண்டிருப்பது எங்கே போய்விடப் போகிறது?

அதுதான் நான் செய்த தப்பு.

மதியம் 2:11. கமாசாவாவில் இறங்கினேன். ஒற்றைப் பெட்டி ரயில். இறங்கியது நான் ஒருவன்தான். நிலையத்தில் ஆளில்லை. பனி நான்கு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. சரி, வகுத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை ஆள் இருக்கும். திரும்பும் வண்டி 4:40. அன்றைக்கு அதுதான் கடைசி. தவறவிட்டால் அந்தக் குளிரில் தங்க இடமில்லை.

வெந்நீர்க் குளியல் விடுதி நிதானமாக நடந்தால் பதினைந்து நிமிடம்; அந்தப் பனியில் எனக்கு அரை மணி ஆயிற்று. காலையில் ஓர் ஆள் வந்து பெருக்கிவிட்டுப் போவாராம். மற்ற நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். நீலத் திரை. சிவப்புத் திரை. நடுவில் பெஞ்ச்.

செருப்பு அலமாரியில் என் பூட்ஸைக் கழற்றி வைத்தேன். வேறு ஒரு ஜோடிகூட இல்லை. சிவப்புத் திரைக்கு முன்னால் பனி மழமழவென்று கிடந்தது. ஒரு காலடித் தடமும் இல்லை.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

3:02. தண்ணீரில் இறங்கினேன். ஆஹா! தொக்குநாகாவை உள்ளே போட்டால் ஐந்து நிமிடத்தில் நூடுல்ஸ் மாதிரி வெந்துவிடுவான், அப்படிச் சூடு. கண்ணை மூடிக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சலசலத்தது.

யாரோ ஓர் அம்மாள் குளிக்கிறாள் போலும் என்று நினைத்தேன். துணைக்கு ஆள் இருப்பதே நிம்மதியாக இருந்தது. இரண்டு நாளாக நான் யாரோடும் பேசவில்லை.

3:20 இருக்கும். என் தோளில் சில்லென்று ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். பனித்துகள்.

கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். பனி எங்கிருந்து வந்தது?

சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலிருந்து. அங்கே ஆவி இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது... வெளியில் இருப்பது போன்ற வெளிச்சம்.

3:31. போதும் என்று எழுந்தேன். நாற்பத்தொரு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கிக்குயே! நான் கிளம்பறேன்!"

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. இடுப்பில் துண்டோடு அப்படியே நின்றேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அப்போது...

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க!"

டொக்... டொக்.

இதை வகுக்காதீர்கள். தயவு செய்து வகுக்காதீர்கள்.

ஈரத்தில் எதிரொலிக்கும் இடத்தில் எல்லாப் பெண் குரலும் ஒன்று போலத்தான் கேட்கும். அந்தம்மாள் தன் வீட்டுக்காரர் கூப்பிடுவதாக நினைத்துப் பதில் சொல்லியிருப்பாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கை குளிர்பெட்டியைத் திறந்து இரண்டு காபிப்பால் எடுத்தது. இரண்டு.

3:40. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றைக் குடித்துக் காலிப் பாட்டிலைக் கூடையில் போட்டேன். மற்றதைப் பக்கத்தில் வைத்தேன்.

சிவப்புத் திரையை விலக்கி எட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பெண்கள் குளிக்கும் இடம் ஐயா! எழுபத்திரண்டு வயதில் போலீஸ் கேஸ் எனக்குத் தேவையா?

4:02. "கிக்குயே?"

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க!"

டொக்... டொக்.

அழுதேன் என்று தொக்குநாகாவிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவளாகவே இருந்தால் என்ன? இந்த ரயில் போனால் போகட்டும். வீட்டில் எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தலைமுடி விறைத்துக் குச்சி குச்சியாக நின்றது. விரல்களில் வலி தெரியவில்லை. சுகமாகத் தூக்கம் வந்தது.

4:15. "வண்டிக்கு நேரமாச்சு!"

"இன்னும் கொஞ்ச நேரம்ங்க!"

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். ஒரு மயிரிழை மாறவில்லை.

4:20. மடியில் நோட்டு திறந்து கிடந்தது. அவள் கையெழுத்து. '4:40. தவறவிடக் கூடாது.' கீழே இரண்டு கோடு.

அப்போதுதான் உறைத்தது.

கிக்குயே "இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஒரு தடவைதான் சொல்வாள். இரண்டாம் முறை நான் கூப்பிட்டால், தலை துவட்டிக்கொண்டே வாசலில் நிற்பாள். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு ரயிலைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

இது கிக்குயே இல்லை.

எழுந்தேன். திரையைப் பார்த்துக் குனிந்து வணங்கினேன்.

"மன்னிக்கணும்மா... நான் உங்க வீட்டுக்காரர் இல்லை."

எல்லாச் சத்தமும் நின்றது.

தண்ணீர்ச் சத்தமும்.

பிறகு... திரைக்குப் பின்னால்... மிக அருகில்...

"வந்துட்டேங்க."

ஓடினேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.

விழுந்தேன். எழுந்தேன். ஓடினேன்.

4:39. ரயில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்து ஏறுங்க ஐயா! ஏன் இப்படி ஓடி வர்றீங்க? தலையெல்லாம் ஐஸு..."

"குளிச்சிட்டு... வர்றேன்... அந்தப் பக்கம் ஒரு அம்மா..."

"எந்தப் பக்கம்?"

"பெண்கள் பக்கம்."

கதவை மூடிய பிறகுதான் பேசினார்.

"அங்க பெண்கள் பக்கமே இல்லைங்க ஐயா. அஞ்சு வருஷம் முன்னாடி பனி சரிஞ்சு மொத்தமா விழுந்துடுச்சி. நடுச் சுவர் மட்டும்தான் நிக்குது. அதுக்கப்புறம் ஆத்தங்கரை."

"அப்போ... உள்ளே யாராவது..."

"ஒருத்தங்க. அவங்க வீட்டுக்காரர் வெளிய பெஞ்சில காத்திட்டிருந்தாராம்."

அடுத்த நிலையம் வரை, பெட்டியின் உள்ளே பார்க்க முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அவர் வண்டி ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து தொக்குநாகாவிடம் சொன்னேன். அவன் வகுக்கவில்லை. எழுந்து விளக்கை எல்லாம் போட்டுவிட்டு, "இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன்டா. உனக்குத் துணைக்கு" என்றான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து, அந்த விடுதியைப் பெருக்கும் ஆளிடம் தொலைபேசியில் பேசினேன். பெஞ்சில் குப்பை போட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான்.

"ஒரு காபிப்பால், திறக்காம, அப்படியே விட்டுட்டு வந்துட்டேங்க."

"திறக்காமலா? இல்லையே ஐயா, காலியாத்தான் இருந்துச்சு."

"காலியாவா?"

"ஆமாங்க. யாருன்னு தெரியல, ரொம்ப ஒழுங்கான ஆளு. நல்லாக் கழுவி, பெஞ்ச் மேல தலைகீழாக் கவுத்து வச்சிருந்தாங்க. இந்தக் காலத்துல யார் அப்படிச் செய்யறா?"

இதை மட்டும் தொக்குநாகாவிடம் நான் சொல்லவில்லை.

இன்று காலை இங்கே முதல் பனி விழுந்தது. கடைக்குப் போய்ப் புது கால அட்டவணை வாங்கி வந்திருக்கிறேன். கிக்குயே மாதிரியே கட்டம் போட்டு எழுதினேன். கமாசாவா, வரும் நேரம்: 2:11.

திரும்பும் நேரத்துக்கான கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.