உப்புத்தண்ணி முதலை

மத்தியானச் சாப்பாட்டோடு சரி, அதற்குப் பிறகு காசிமாயன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முதலைக்குள் போய்ப் படுத்துவிட்டால் நினைத்த நேரத்துக்கு எழுந்து ஒதுங்க முடியாது. லுங்கியை மடித்துக் கட்டி, மூக்கை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அதன் வயிற்றுக்கடியில் நுழைந்து குப்புறப் படுப்பார். கால்மாட்டில் வாலை அசைக்கிற கட்டை, கையில் வாய்க்கான கயிறு. இழுத்தால் முதலை வாயைத் திறக்கும். விட்டால் டப்பென்று மூடும். வெளியே ஜனங்கள் "ஆத்தாடி!" என்று பின்னால் சாய்வார்கள். அவர் பார்க்கிற உத்தியோகம் இதுதான்.

காளவாசல் பக்கம் கோடை விடுமுறைக்குப் போட்டிருக்கும் பொருட்காட்சியில் மூன்று முதலைகள் இருக்கின்றன, மூன்றும் பைபரில் செய்த பொம்மைகள். குளத்திலும் அணைக்கட்டிலும் வாழ்கிற சதுப்புநில முதலை பன்னிரண்டடி. அதன் வயிற்றுக்குள் ஆள் நுழைய முடியாது. கங்கை முதலைக்கு மீன் பிடிக்கத் தோதாக மூஞ்சி கரண்டிக்காம்பு மாதிரி நீண்டிருக்கும். அதற்குள் கையை நுழைப்பதே கஷ்டம். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் கிடக்கும் உவர்நீர் முதலைதான் பதினெட்டடி, நல்ல தாட்டியான உடம்பு. போன மாதம் அதன் வாயையும் வாலையும் ஆட்டுகிற மோட்டார் புகைந்து போனபோது, வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காசிமாயனை முதலாளி மேலும் கீழும் அளந்து பார்த்தார். மோட்டார் இன்னும் வரவில்லை. இனி வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மைக்கில் விளக்கம் சொல்வது தமிழ்வாணி என்ற பெண். அவர் "உவர்நீர் முதலை" என்று சுத்தமாக உச்சரிப்பார். கூட்டத்தில் ஒருவர், "அப்படின்னா என்னம்மா?" என்பார்.

"உப்புத்தண்ணில இருக்குறதுண்ணே."

"அப்ப எங்க விளாங்குடி போர்த்தண்ணில கட்டாயம் ஒண்ணு கெடக்கும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். காசிமாயனும் உள்ளே சிரிப்பார். அதே விளாங்குடியில் ஒரு மொட்டைமாடி அறையில்தான் அவர் தங்கியிருக்கிறார், அந்த உப்புத் தண்ணீரில்தான் குளிக்கிறார். ஆனால் சேர்ந்து சிரித்த ஆள் ஒருவர் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. சத்தம் வரக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. "இது உசுரா, பொம்மையா?" என்று குச்சியால் குத்திப் பார்ப்பவர்களிடம்கூட அவர் ஒன்றும் சொல்வதில்லை.

முதலை மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் கிடக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து வைத்திருக்கும் என்று தமிழ்வாணி சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். "அது வெக்கைக்கு வாயத் தொறக்குது. நான் காத்துக்குத் தொறக்குறேன்," என்று வெளியே வந்ததும் அவரிடம் சொல்வார். வாய் மூடியிருந்தால் உள்ளே கும்மிருட்டு. திறந்தால்தான் தொண்டையில் கட்டிய கறுப்பு வலை வழியாக நாலு முகம் தெரியும். எத்தனையோ குடும்பங்களை இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னார் என்று சொல்லத்தான் நாதியில்லை.

ஊரில் அப்படி இல்லை. எழுமலையில் அவருக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி உண்டு, அன்னக்கொடி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விருந்துப் பந்தியில் தங்கை புருஷன் சிவனாண்டி நாலு பேர் காதுபட, "சீர் செய்ய வக்கில்லாத மாமனுக்கு மடி ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டார். தங்கை மகள் செல்விக்குக் காதுகுத்து வைக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். காசிமாயன் பாதி இலையில் எழுந்து நடந்தவர்தான். பிறகு ஒருநாள் ஊர்க்காரர் மொக்கையன் பேருந்தில் கண்டு, காதுகுத்து முடிந்துவிட்டது, வேறு ஒரு மாமன் முறைக்காரர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்களாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டை மறந்தார், ஊரை மறந்தார், இதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. தமிழ்வாணியிடம் ஒருமுறை சொன்னார்: "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேந்தா. அந்த மடிய மட்டும் எவனோ எடுத்துக்கிட்டான்."

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல கூட்டம். தாய் முதலை தன் குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குத் தூக்கிப்போகும் கதையைத் தமிழ்வாணி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பல்லு குத்தாதா?" என்றது ஒரு பிள்ளையின் குரல்.

"கிட்டப் போகாத செல்வி, கடிச்சுப்புடும்!"

இருட்டுக்குள் காசிமாயன் தலையைத் தூக்கினார். தங்கையின் குரலை மூன்று வருடமென்ன, முப்பது வருடம் கழித்துக் கேட்டாலும் தெரியும். கயிற்றை இழுத்தார். கம்பித் தடுப்பைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி செல்வி நின்றாள். நன்றாக வளர்ந்திருந்தாள். ரெட்டைச் சடையைத் தூக்கி மடித்துக் கட்டியிருந்ததால் இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன. கம்மல் இல்லை, ஓட்டை இல்லை. மூளிக் காது.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். "பொம்பளப்பிள்ளைக்கு இன்னுமா காது குத்தாம வச்சிருக்கீக?"

"அவ மாமன் வரட்டும்னு இருக்கோம்," என்றாள் அன்னக்கொடி.

"எங்க இருக்காக?"

"யாருக்குத் தெரியும். இவ அப்பாவும் தேடாத எடமில்ல. வாயி முந்திருச்சுன்னு இப்ப பொலம்புறாரு."

"இதோ வாயை மூடப் போகுது பாருங்க!" என்றார் தமிழ்வாணி. மூடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் மூடவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காசிமாயன் அந்தக் காதுகளையே பார்த்தார். கண்ணை நீர் மறைத்தது, துடைக்கக் கை இல்லை. வெளியே போனால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும். ஊரில் அவர் எங்கோ பெரிய கம்பெனியில் இருப்பதாகப் பேச்சு.

"போதும் வாடி, பஸ்ஸு போயிரும்," என்று அன்னக்கொடி பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தாள். அதன் பிறகே அவர் கயிற்றை விட்டார். வாய் டப்பென்று மூடியது. கூட்டம் கத்தி முடிப்பதற்குள் முதலையின் வயிற்றுக்கடியிலிருந்து, வியர்வையில் குளித்து, உடம்பெல்லாம் தூசியாக ஓர் ஆள் தவழ்ந்து வெளியே வந்தார். யாரோ விசிலடித்தார்கள். "அண்ணே, என்னண்ணே இது!" என்று ஒலிபெருக்கி அலறியது.

காசிமாயன் எழுந்து நிற்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தபடி அந்த மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை எடுத்து மடியைத் துடைத்துவிட்டார்.