வடிவு பூட்டிய பட்டியல்

தில்லியில் குடியிருக்கப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்குத் தேதி வேண்டும், அதாவது அரசாங்க வேலையில் சேர்ந்த தேதி. அது பழசாகப் பழசாக, குவார்ட்டர்ஸ் பக்கத்தில் வரும். வடிவிடம் இருந்தது தேதி.

பாளையங்கோட்டையில் தட்டெழுத்துப் படித்து, பரீட்சை எழுதி, 1987இல் தில்லிக்கு வந்தவள். கணவர் ராணுவத்தில், இந்தக் கதை நடந்தபோது அசாமில் இருந்தார். ஜனக்புரியில் வாடகை வீடு. மகள் வைஷ்ணவி ஆறாம் வகுப்பு, மோதி பாக் தமிழ்ப் பள்ளியில். காலையில் பஸ் ஏறி, தௌலா குவானில் இறங்கி, தன்னைவிடக் கனமான பையோடு இன்னொரு பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஒருமுறை படியிலிருந்து விழுந்து முட்டியில் ஏழு தையல். வடிவின் இலாகாவுக்கு மோதி பாக்கில் சில வீடுகள் இருந்தன. அங்கிருந்து பள்ளிக்கு நடந்தே போகலாம். அதனால் இலாகாவின் காத்திருப்போர் பட்டியலை மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல அவள் பார்த்துவந்தாள்.

2001இல் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். பட்டியலும் பொதுவில் போனது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம். தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்யப் போனவர், வரும்போது மூன்று இடம் மேலே ஏறி வந்தார். ஒருவர் வேலையில் சேர்ந்த தேதி அவர் பிறந்த தேதிக்கு மிக நெருக்கத்தில் போய்விட்டது. யாரைக் கேட்டாலும், "வைரஸ் ஜீ, வைரஸ்" என்றார்கள்.

பிரிவு அதிகாரி பத்மநாபன் கும்பகோணத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பட்டியலை வடிவின் பொறுப்பில் விட்டார்.

"இதுக்கு ஒரு பூட்டுப் போடும்மா. இல்லேன்னா நான் ரிட்டயர் ஆறதுக்குள்ளே நம்ம பியூன் ஜாயிண்ட் செக்ரட்டரிக்கே சீனியர் ஆயிடுவான்."

வடிவு பாஸ்வேர்ட் போட்டாள். விதிப்படி அதை உறையிலிட்டு, அரக்கு வைத்து, மேலதிகாரிக்கு அனுப்பினாள். தபால் பதிவு குமாஸ்தா கடமை தவறாதவர். பதிவேட்டில் 'பொருள்' என்ற இடம் காலியாக இருக்கக்கூடாது. உறையைப் பிரித்தார், படித்தார், பாஸ்வேர்டை அழகாக எழுதிக்கொண்டு திரும்ப அரக்கு வைத்தார். மத்தியானத்துக்குள் கேன்டீன்காரருக்கும் அது தெரிந்திருந்தது.

வடிவு இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கம்ப்யூட்டரை நம்புவதை விட்டுவிட்டாள். பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தானும் பத்மநாபனும் கையெழுத்திட்டு அலமாரியில் வைப்பது, அதுதான் அசல். திரையில் இருப்பது வெறும் நகல், அதில் யார் என்ன விளையாடினாலும் செல்லாது. பட்டியலில் மாற்றம் வேண்டுவோர் ஒரு படிவம் தரவேண்டும்: பழைய இடம், புதிய இடம், ஏன். படிவம் நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் தொங்கும்.

படிவத்தை வாங்கிப்போனவர்கள் பதினோரு பேர். திருப்பித் தந்தவர் யாருமில்லை. பூட்டை உடைக்கச் சளைக்காத மனிதர்கள், 'ஏன்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்கள்.

முதல் அசலில் கையெழுத்துப் போடுமுன் பணிப்பதிவேடுகளை எடுத்துவைத்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டாள். மோதி பாக்கில் நான்கு வீடுகள் காலியாகியிருந்தன. பத்து நாளில் ஒதுக்கீட்டுக் கூட்டம். அவள் பெயர் நான்காவது. மேலே இருந்தவர்கள் மாற்றலாகிப் போனதால் ஏறியிருக்கிறோம் என்று எண்ணியிருந்தாள். நல்ல செய்தியை யார் சரிபார்க்கிறார்கள்? பட்டியலில் அவள் சேர்ந்தது பிப்ரவரி. பதிவேட்டில் நவம்பர். அவளுடைய நிஜமான இடம் ஒன்பது.

பக்கத்து மேஜை ஜெபதுரை அவள் ஊர்ப் பக்கத்து நாசரேத்துக்காரன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனே எழுந்து வந்தான்.

"அக்கா, அது நான்தான். பாப்பா முட்டியில தையல் போட்டுட்டு வந்தியள்லா, அன்னைக்கு மாத்துனேன். ஊர்ல உள்ளவனெல்லாம் மாத்துதான், நம்ம மாத்துனா என்ன?"

"நான் கேட்டனா தம்பி?"

"கேட்டா நீங்க விடமாட்டிய. பேசாம கையெழுத்தப் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே. அதான எளவு."

அவனைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. தில்லியில் பதினான்கு வருஷத்தில் அவளுக்காக ஒருவன் தப்புச் செய்தது அதுதான் முதல் தடவை.

மற்றவர்களின் தேதிகளைப் பதிவேட்டைப் பார்த்து அவளே திருத்தியிருந்தாள்; தன்னுடையதைத் தானே திருத்திக்கொள்ள மனமில்லாமல் மூன்று மணிக்கு ஒரு படிவத்தை எடுத்தாள். பழைய இடம்: நான்கு. புதிய இடம்: ஒன்பது. 'ஏன்' என்பதில் பேனா நின்றது. உண்மையை முழுதாக எழுதினால் ஜெபதுரைக்கு மெமோ. எழுத்தர் பிழை என்று எழுதினால் பொய். கடைசியில், 'பணிப்பதிவேட்டின்படி என் தேதி நவம்பர். பட்டியல் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்த நாளில் மாற்றப்பட்டது' என்று எழுதினாள்.

பத்மநாபன் இரண்டு தடவை படித்தார். "யார் மாத்தினா?"

"படிவத்துல 'ஏன்'னுதான் சார் கேட்டிருக்கு. 'யாரு'ன்னு கேக்கல."

"அதைச் சேர்த்திருக்கணும் நீ."

"அடுத்த படிவத்துல சேத்துருதேன்."

அவர் ஜெபதுரை இருந்த பக்கம் பார்த்தார். அவன் ஃபைலுக்குள் தலையை விட்டிருந்தான். கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் போர்டில் தொங்கிய ஒரே படிவத்தைப் படிக்க மூன்று மாடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மெச்சினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? தானாக ஒருத்தி கீழே இறங்கினால், வேறெங்கோ பெரிய வீட்டைப் பிடித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம் என்று முடிவு செய்தார்கள். ஆர்.கே. புரத்திலாம், இரண்டு பால்கனியாம். ஜெபதுரை ஒரு வாரம் பேசவில்லை.

கூட்டம் நடந்த அன்று மாலை வைஷ்ணவி கேட்டாள்: "மம்மி, குவார்ட்டர்ஸ் கிடைச்சிருச்சா?"

"இல்லட்டி. நம்ம ஒன்பதாவது."

"பஹலே... முன்னால நாலுன்னு சொன்னீங்களே?"

"அது வேற ஒருத்தரோட எடம். சுரேஷ்குமார்னு ஒருத்தர்."

"அச்சா. அவங்க வீட்டுப் பாப்பாவும் ரெண்டு பஸ் மாறிப் போகுதா?"

வடிவுக்குத் தெரியவில்லை. பட்டியலில் பெயரும் தேதியும்தான் இருந்தன. குழந்தைகளுக்கும் பஸ்களுக்கும் யாரும் இடம் விட்டிருக்கவில்லை. ஜெபதுரை அவற்றைப் பார்த்துத்தான் தேதியை மாற்றியிருந்தான்.

மறுநாள் விசாரித்தாள். சுரேஷ்குமாருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கிடைத்த வீட்டை என்ன செய்வதென்று நண்பர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் மறுபடி அதையே கேட்டபோது வடிவு அவளுடைய பள்ளிப் பையைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மறுநாளைக்கு வேண்டாதவற்றைத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் தேதி எனக்கு முந்துனது," என்று மட்டும் சொன்னாள்.