தலை தட்டாத உழக்கு

எங்கள் ஆலங்குடியில் நாகராசு என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். சோப்பு நாகராசு என்றால் ஒருவர்தான். அவர் தம் கையால் ஒரு சோப்புக்கூடக் காய்ச்சியதில்லை என்பது வேறு விஷயம். காய்ச்சியதெல்லாம் அவர் பெண்டாட்டி மருதாயி. பேர் மட்டும் புருஷனிடம் போய்ச் சேர்ந்தது. நான் அடுத்த வீட்டுக்காரி, மருதாயிக்குச் சேக்காளி. ஆகையால் நான் சொல்வதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

சோப்புக்கு முன்னால் அவர் கடலை வியாபாரம் பார்த்தார், கலர் சோடா போட்டார், வாடகைக்குச் சைக்கிள் விட்டார். எதுவும் அவர் வாய்க்கு ஈடு கொடுக்கவில்லை. யுத்தம் வந்து கடைகளில் சோப்பு அருகிப்போன சமயம், திருச்சிக்குப் போகிற ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் சோப்புக் காய்ச்சும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாராம். புதுக்கோட்டையில் ஏறித் திருச்சியில் இறங்குவதற்குள் கற்று முடித்த வித்தை. திரும்பும்போது ஒரு இரும்புப் பீப்பாய் நிறையக் காஸ்டிக் சோடா வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

பார்க்க உப்புக்கட்டி போல வெள்ளையாக இருக்கும் அந்தக் காரம். மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே வேர்க்கும். தண்ணீரில் போட்டால் அடுப்பில்லாமலே சுடும். விரலில் பட்டால் வழவழவென்று இருக்கும். அப்படி வழுக்குவது நம்முடைய தோல்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

நாகராசு கடைத்தெருவில் நின்று அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தால் வண்டிமாடுகூட நின்று கேட்கும். "சோப்பு மட்டும்னு நெனைச்சீங்களா? காயிதம் பண்ண இது வேணும். மில்லுல நூலு மினுங்க இது வேணும். எண்ணெய்க் கசடு எடுக்க இதுதான். அடைச்சுக் கெடக்குற சாக்கடையில ஒரு கை போடுங்க, காவேரி மாதிரி ஓடும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த 'ஒரு கை' யாருடைய கை என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

தண்ணீரில் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று ரயில்காரர் சொல்லியிருக்கிறார். இவர் அதைத் தலைகீழாக ஞாபகம் வைத்திருந்தார். முதல் நாள் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஊத்துடி" என்றார். அவள் ஊற்றினாள். குபீரென்று பொங்கித் தெறித்ததில் மருதாயியின் முழங்கை வெந்தது. அதே நாளில், அரிமளத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா அழகி ஆசையாகக் கொடுத்திருந்த அலுமினியக் குண்டானிலும் காரத்தைக் கரைக்கச் சொன்னார். குண்டான் சீறிற்று, நுரைத்தது, கறுத்தது, அடியில் ஓட்டை விழுந்து ஒழுகிற்று. "மட்டமான குண்டான்" என்று அக்கா மேல் பழியைப் போட்டுவிட்டு இரும்புக் கொப்பரைக்கு மாறினார்.

ஆனால் அவர் சோப்பைக் கெடுத்தது கொப்பரை அல்ல, காரத்தின் அளவு. நம் பக்கத்தில் நெல் அளந்தாலும் கடலை அளந்தாலும் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும் கணக்கு. நாகராசு பெரிய தாராளக்காரர். லாபம் லாபமாகவே இருக்கட்டும் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த உழக்கிலிருந்துதான் 'ஒண்ணு' என்று தொடங்குவார். அளக்கிறவள் மருதாயி, எண்ணுகிறவர் அவர். ரயில்காரர் உழக்கின் விளிம்போடு வழித்துத் தலை தட்டி அளக்கச் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. "தொழில்ல மகாலெச்சுமி மாதிரிடி இது. தலையில தட்டக் கூடாது" என்பார். ஆக, ஒவ்வொரு காய்ச்சலிலும் உழக்குக்கு உழக்கு கோபுரமாகக் குவித்து, அதன் மேல் லாபமும் சேர்ந்து விழும்.

அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தவர்கள் சொறிந்துகொண்டே கடைத்தெருவில் நடந்தார்கள். துணி வெளுக்கும் இருளாண்டி ஒருநாள் வந்து பணிவாகச் சொன்னான். "அழுக்கு நல்லாப் போவுதுங்க. துணியும் கூடவே போவுதுங்க." நாகராசு, அது பழைய துணி என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார். வேறு சோப்பு கிடைக்காததால் ஊரும் திட்டிக்கொண்டே வாங்கிற்று.

மருதாயியின் கைதான் வீணாகப் போயிற்று. விரல் நுனியெல்லாம் வெடித்து, உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கும். பூக்கட்ட முடியாது, ஊசி பிடிக்க முடியாது. குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும் என்று, மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிடுவாள். "கையி எரியுதுங்க" என்று அவள் ஒருநாள் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "மொளகா அரைச்சா எரியலையா? காரம்னா எரியத்தாண்டி செய்யும்" என்றார் அந்த மகராசன். அவர் வாயில் ஒரு உழக்கைக் கவிழ்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மகள் சொர்ணவல்லியை அந்தக் கொப்பரைப் பக்கம் அண்டவிடாமல் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது. அழகியின் மகன்தான் முறை மாப்பிள்ளை. பரிசமும் போட்டாயிற்று. மருதாயி மூச்சு விட்டாள். அந்த மூச்சையும் நாகராசு பிடுங்கிக்கொண்டார். புதிதாக இன்னொரு பீப்பாய் வாங்கி, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "அரிமளத்துலயும் தொழில் நடக்கட்டும். எம் மக காய்ச்சுவா" என்று சொல்லிவிட்டார். தொழில் வருகிறது என்று அழகி வீட்டிலும் சந்தோஷம். எதிர்த்துப் பேசினால் கல்யாணம் நின்றுபோகுமோ என்று மருதாயி வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள். சம்பந்தி வீட்டுத் தாம்பூலத் தட்டில் புதுச் சோப்பு இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து அவளைக் காய்ச்ச வைத்தார். சாயங்காலம் பெண்ணுக்கு நலுங்கு. பெற்றவள் கைதான் முதலில். மருதாயி கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்து, அரைத்த மஞ்சளை அள்ளினாள். மகள் கன்னத்துக்குக் கொண்டுபோவதற்குள் மஞ்சள் அவள் கையிலேயே சிவந்துவிட்டது. லேசான சிவப்பு அல்ல, ரத்தச் சிவப்பு. தோல் வெடிப்புகளிலெல்லாம் தங்கியிருந்த காரம் அது. ஆலம் சுற்றும் ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அப்படி.

"யாரு ஆலத்தைக் கொண்டாந்து வச்சது?" என்று ஒருத்தி சிரித்தாள். அழகி சிரிக்கவில்லை. மருதாயியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"இது என்னடி கையி?"

நாகராசு வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லக்கா. மஞ்சள்ல காரம் பட்டா செவக்கும். மங்களந்தான்."

"ஒன்னைக் கேக்கல."

மருதாயி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "மதினி, எம் பொண்ணை மட்டும் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பீப்பா வேணாம்."

பேசாதவள் பேசிவிட்டாள், எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன். அழகி எழுந்து தம்பியிடம் போனாள். அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். வெற்றிலைக் காம்பு கிள்ளியதற்கு மேல் பாடுபடாத கை, கல்யாணத்துக்கு மோதிரம் வேறு.

"நாகராசு, இப்பவே ஒரு காய்ச்சலை நீ ஒன் கையால காய்ச்சு. கையி இப்படியே இருந்தா பீப்பா எங்க வீட்டுக்கு வரட்டும்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துழாவும் துடுப்பைப் பிடித்தார். அளந்து போட மருதாயியைக் கூப்பிட்டார்கள். அவள் உழக்கைக் கோபுரமாகக் குவித்து, கொப்பரைத் தண்ணீரில் கவிழ்த்தாள்.

"லாபம்."

ஆவி முகத்தில் அடித்ததும் அவர் பின்வாங்கினார். அவள் அடுத்த உழக்கையும் குவித்தாள்.

"ஒண்ணு."

"ஏ, லாபத்தையும் சேத்து எண்ணுடி. தலையைத் தட்டு, தலையைத் தட்டு."

"மகாலெச்சுமியைத் தலையில தட்டக் கூடாதுங்க" என்றாள் மருதாயி.

அவர் ஒரு சுற்றுத்தான் துழாவினார். மணிக்கட்டில் தெறித்த ஒரு துளி போதுமாக இருந்தது. துடுப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடியவரைப் பார்த்து, அவருடைய அக்காதான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் தாலி கட்டும்போது நாகராசு கையிலிருந்த மஞ்சள் அரிசி ஓரத்தில் சிவந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். அரிமளத்துக்குப் பெண் மட்டும் போனாள். குங்குமப் பொட்டு வைத்த பீப்பாய் சுவரோரம் நின்று துருப்பிடித்தது. அவர் மட்டும், ஒரு கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, அடுத்த வாரமே கடைத்தெருவில் காரத்தின் பெருமையைப் பேசப் போய்விட்டார். துழாவத்தான் ஆள் கிடைக்கவில்லை. மருதாயி அதற்கப்புறம் துடுப்பைத் தொடவே இல்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் மோரை எடுத்தேன். வேண்டாம் என்று தடுத்து, புளிக்குழம்பை ஊற்றச் சொல்லி, அஞ்சு விரலாலும் அழுத்திப் பிசைந்து சாப்பிட்டாள். மறுசோற்றுக்கும் அதே குழம்பைக் கேட்டு வாங்கினாள்.