பன்னிரண்டு கிளப்பும் ஒரு பிசிக்ஸ் சாரும்

அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்த எங்கள் பள்ளியில் பன்னிரண்டு கிளப்புகள் இருந்தன. பிசிக்ஸ் நடத்த ஆள் இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரியாதா பின்னே? பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ் குரூப், பிப்ரவரியில் போர்டு பரீட்சை. வாரத்துக்கு ஏழு பீரியட் பிசிக்ஸ் என்று டைம்டேபிளில் அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஏழிலும் பி.டி. சார் வந்து உட்காருவார். "ஷோர் மத் கரோ, சத்தம் வரக் கூடாது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கிளப் என்றால் மட்டும் பள்ளிக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிடும். கேட்டுக்குள் நுழைந்ததும் பெரிய பலகையில் பன்னிரண்டு பெயர்களும் நீல எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு கிளப்புக்கும் தனி பேனர். மாதக் கடைசி சனிக்கிழமை பேனரை விரித்து, பின்னால் பத்துப் பேரை நிறுத்தி ஃபோட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். வகுப்பில் நான்தான் உயரம். பேனரின் ஓரத்தைப் பிடிக்கத் தோதான ஆள். ஆகவே ஏழு கிளப்பில் உறுப்பினர். அதில் இரண்டின் பெயர் எனக்கே சரியாகத் தெரியாது.

சுற்றுச்சூழலுக்கான ஈகோ கிளப்புக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு குழி உண்டு. மூன்று வருடமும் அதே குழியில்தான் மரக்கன்று நட்டோம். நட்ட மறுவாரம் ஆடு தின்றுவிடும். குழி தோண்டும் வேலை மிச்சம் என்று யாரும் ஆட்டை விரட்டவும் இல்லை. வாசிப்பு கிளப் இன்னும் அழகு. நூலகச் சாவியை வைத்திருந்த மேடம் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார். பூட்டிய பீரோ முன்னால் எங்கள் பாடப்புத்தகத்தையே திறந்து பிடித்துக்கொண்டு படிப்பதுபோல நின்றோம். பேரிடர் கிளப் ஒன்றுதான் உண்மையாக நடந்தது. சைரன் ஊதினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவோம். சுனாமி பார்த்த தீவு, அதில் இங்கே யாரும் விளையாடுவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பதிவேட்டைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு பிசிக்ஸ் சார் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர். பதினொன்றாம் வகுப்பில் நன்றாகவே நடத்தினார். ஜூலையில் கல்வித் துறை அலுவலகத்தில் ஏதோ அவசர வேலை என்று அவரை அழைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் போனால் பள்ளியிலிருந்து பத்து நிமிடம். சம்பளம் எங்கள் பள்ளியில், பெயர் எங்கள் பள்ளியில், ஆள் மட்டும் அங்கே. இடம் காலி இல்லை என்பதால் வேறு ஆளும் போட மாட்டார்கள். வைஸ் பிரின்சிபல் மேடத்திடம் போய் நின்றால், "ஆர்டர் வரும், ஆர்டர் வரும்" என்பார். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. ஊருக்குள் லம்பா லைன் பகுதியில் ஒரு டியூஷனுக்குப் பத்து நாள் போய்ப் பார்த்தேன். அங்கே நடத்தியவர் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் நடத்தினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

என்னைக் காப்பாற்றியது பெரியப்பா மகள்தான். அப்பா ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாங்கள் அங்கேயே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தெற்கே ஒரு தீவில் தோட்ட வேலை கொடுத்துக் குடியேற்றினார்கள். அப்பா வேலை தேடி இங்கே வந்துவிட்டார், பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்று பேர், ஒருநாளும் நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அவள் பள்ளியில் கிளப் பலகையும் இல்லை, பேனரும் இல்லை. ஆனால் ஒரு பிசிக்ஸ் சார் இருந்தார். தினமும் நடத்தினார், சனிக்கிழமையும் வரச் சொல்லி நடத்தினார். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் விடையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் "க்யோன்?" என்று எழுதுவாராம். ஏன் இந்த விடை வந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் மார்க் கிடையாது. அவளும் நோட்டில் அதை அப்படியே எழுதிவைப்பாள். அவர்கள் ஊரில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். விடிந்ததும் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அங்கே நின்று, நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுமே. நான் எழுந்து பல்கூடத் துலக்காமல் அதைக் காப்பி பண்ணுவேன்.

நன்றி சொன்னேனா? எங்கே! "மேல வெட்டுப்பட்டிருக்குடி, நேரா வச்சு எடு" என்றுதான் தினமும் திட்டினேன்.

"அனுப்புறதே பெருசு, இதுல வக்கணை வேற. ஒனக்கு என்னா, கரண்டு, நெட்டு எல்லாம் கெடக்கு. இங்க வந்து ஒரு நாள் நின்னு பாரு, வெளங்கும்" என்பாள் அவள்.

அக்டோபரில் மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருவதாக அறிவிப்பு வந்தது. ஒரு வாரம் ஒரு பாடமும் நடக்கவில்லை. பன்னிரண்டு பேனரையும் துவைத்து இஸ்திரி போட்டோம். ஆட்டைக் கட்டிப்போட்டார்கள். அந்தக் குழியில் புதுக்கன்று வந்தது. பெரிய அதிகாரி எந்த மாணவியிடமாவது ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வைஸ் பிரின்சிபல் மேடம் முடிவு செய்தார். ஹிந்தி தடங்கலில்லாமல் பேசுவேன், ஆள் உயரம், பார்க்கத் தெளிவு. "கோயி திக்கத் ஹை, ஏதாவது கஷ்டமா என்று கேட்பார். ஒரு கஷ்டமும் இல்லை சர், சப் டீக் ஹை. இவ்வளவுதான். சிரித்துக்கொண்டு சொல்" என்றார். மூன்று நாள் ஒத்திகை பார்த்தார்.

அவர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈகோ கிளப் பேனரின் இடது ஓரத்தைப் பிடித்திருந்த என்னிடம் குனிந்து, ஏதாவது கஷ்டம் இருக்கிறதா பேட்டா என்று கேட்டார். சப் டீக் ஹை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அவர் காலடியில் அதே குழி தெரிந்தது. என்னால் முடியவில்லை.

"ஜூலையிலிருந்து பிசிக்ஸ் நடத்த ஆள் இல்லை சர். எங்கள் சாரை ஆபீஸில் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் பரீட்சை" என்று ஹிந்தியில் கடகடவென்று சொல்லிவிட்டேன்.

பேனரின் மறு ஓரத்தைப் பிடித்திருந்தவள் கையை விட்டுவிட்டாள். பெரிய அதிகாரி திரும்பி, கூட வந்திருந்த உள்ளூர் அதிகாரியைப் பார்த்தார். அவர் உடனே, "ஹோ ஜாயேகா சர், ஆகிவிடும்" என்றார். அன்று சாயங்காலமே ஏழு கிளப்பிலிருந்தும் என்னை நீக்கினார்கள். வீட்டில் அம்மா, "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி நீ?" என்று ஒரு பாட்டம் பாடினாள். அப்பா மட்டும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சிரித்தார். எனக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்திருந்தது, மறைப்பானேன்.

அடுத்த இரண்டாவது வாரம் பெரியப்பா மகளிடமிருந்து ஃபோட்டோ வருவது நின்றது. கடைசியாக வந்தது ஒரு லென்ஸ் கணக்கு. இரண்டு லென்ஸை அடுத்தடுத்து வைத்திருக்கிறது, முதல் லென்ஸுக்கு விடை வந்துவிட்டது, இரண்டாவது பாக்கி. கட்டமும் இல்லை, க்யோனும் இல்லை. "மீதி எங்கடி? தூங்கிட்டியா?" என்று மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அவர்கள் பக்கம் நெட் போனால் நாலைந்து நாள் ஆகும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை புது பிசிக்ஸ் சார் வகுப்புக்குள் வந்தார். என்ன கைதட்டல்! பின்பெஞ்சில் விசில் அடித்தார்கள். என் முதுகில் நாலு பேர் தட்டினார்கள். சார் சிரிக்கவில்லை. எதுவரை முடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சரி, நான் பாதியில் விட்டுவந்த ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கிறேன், எவ்வளவு புரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். பலகையில் இரண்டு லென்ஸை வரைந்தார். முதல் லென்ஸை இரண்டே வரியில் முடித்தார். இரண்டாவதையும் போட்டார். விடை வந்ததும் அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் "க்யோன்?" என்று எழுதினார்.

அவள் நோட்டில் பாதியில் நின்றுபோன அதே கணக்கு. வகுப்பு முடிந்ததும் பின்னாலேயே ஓடி, எந்தத் தீவிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். அதே தீவைச் சொன்னார். சாயங்காலம் ஆர்டர் வந்ததாம், காலையில் கப்பலாம். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை என்றார்.

அன்று போன் போட்டுப் போட்டு ஒருவழியாக அவள் கிடைத்தாள்.

"எங்க சார தூக்கிட்டுப் போயிட்டாங்கடி" என்று எடுத்த எடுப்பில் அழுதாள். "போர்ட் பிளேர்ல எவளோ ஒரு மூதேவி பெரிய ஆபீசர்கிட்ட போய் அழுதாளாம். அவளுக்கு வேணும்னு எங்க சார பிடுங்கிக்கிட்டாங்க. நல்லா இருப்பாளா அவ?"

"அப்படியா" என்றேன்.

மறுநாள் மேடத்திடம் போய்ச் சண்டை பிடித்தேன். நாங்கள் கேட்டது எங்கள் சாரை, அடுத்த தீவின் சாரை இல்லை என்றேன். பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட முடியாதாம், ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட முடியுமாம், இது என்ன நியாயம்?

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ கேட்டாய், கிடைத்தது. இந்தத் தீவுகளில் இருப்பதே இத்தனை வாத்தியார்கள். உனக்குப் புதிதாக எங்கிருந்து வருவார், கடலுக்குள்ளிருந்தா?" என்றார். இது தெரிந்துதான் அவர் ஜூலையிலிருந்து வாயே திறக்கவில்லையா, பயந்துதான் திறக்கவில்லையா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து அன்று அவர்மேல் கோபப்பட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு நான் ஃபோட்டோ எடுத்தேன். ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல் நேராக வைத்து எடுத்தேன். அவள் ஜெட்டியில் நின்று இறக்கிக்கொள்வாள். சில நாள் ஐந்து பக்கத்தில் இரண்டுதான் போய்ச் சேரும். அவள் ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை.

ரிசல்ட் வந்தது. நான் நன்றாகவே பாஸ். அவள் மற்ற எல்லாப் பாடத்திலும் என்னைவிடக் கூடுதல், பிசிக்ஸில் மட்டும் போய்விட்டது. ஜூலையில் மறுதேர்வு எழுத கப்பலில் ஹேடோவுக்கு வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில்தான் தங்கினாள். முதல் நாளே நோட்டை விரித்து அந்த லென்ஸ் கணக்கைக் காட்டினாள். "நீ அனுப்புனதப் பாத்து எழுதிட்டேன். ஏன்னு வெளங்கல" என்றாள். நான் சொல்லிப் பார்த்தேன், அவளுக்கு ஏறவில்லை.

"ஒங்க பழைய சார் இன்னும் அந்த ஆபீஸ்லதானா?" என்று கேட்டாள்.

"ஆமா. பஸ்ல பத்து நிமிஷம்."

"அப்பன்னா வா, போயி கேப்போம். கேட்டா என்னா, கடிச்சா திங்கப்போறாரு?"

போனோம். மாடியில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்தில் இளைத்திருந்தார். திரையில் ஃபோட்டோவாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். எல்லாத் தீவுப் பள்ளிகளின் கிளப் ஃபோட்டோக்கள். ஈகோ கிளப், ஹெல்த் கிளப், வாசிப்பு கிளப் என்று பிரித்து அடுக்கி, கீழே இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தார். இதுதான் அந்த அவசர வேலை. இதற்காகத்தான். அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, வாம்மா! இன்ஸ்பெக்‌ஷன்ல ஆள் இல்லன்னு நேரா கேட்ட பொண்ணு நீதானே? இங்க ஆபீஸே உன்னப் பத்திதான் ரெண்டு நாள் பேசுச்சு. நானும் மூணு தடவ லெட்டர் குடுத்துட்டேம்மா, ஸ்கூலுக்கே திருப்பி அனுப்புங்கன்னு. விட மாட்டேங்கிறாங்க" என்றார்.

பெரியப்பா மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இந்தக் கணக்கு வெளங்கல."

அவர் பரபரவென்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தாள் தேடினார். கையில் அகப்பட்டது ஏதோ கிளப்பின் அறிக்கை, அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் இரண்டு லென்ஸ் வரைந்தார். "மொத லென்ஸ் காட்டுற பிம்பம் இருக்குல்ல, அதையே ரெண்டாவது லென்ஸுக்கு முன்னால வச்ச பொருளா நெனச்சுக்கோ" என்று ஆரம்பித்தார். அவள் தலை ஆடத் தொடங்கியது. "ஓ... அதா சார்?" என்றாள். அதற்குள் ஒரு பியூன் வந்து, பெரியவர் கூப்பிடுகிறார், கிளப் ஃபைலோடு உடனே வரச் சொன்னார் என்றான். சார் பேனாவை மூடினார். "நாளைக்கு வாங்கம்மா" என்றவர், நாளைக்கு லீவு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். அந்தத் தாளையும் ஃபைலோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

படியிறங்கும்போது அவள், "எவளோ ஒருத்தின்னு தெனமும் திட்டுனேன்டி. சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் பஸ் வரும்வரை நோட்டைத் திறந்துவைத்து, அவர் விட்ட இடத்திலிருந்து விரலால் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் அவளுக்குப் பரீட்சை.