மழை மாதத்துக்கு ஒரு கப்பல்

கேகாலையில் மலையை வெட்டிக் கட்டிய கடை வரிசையில் பயணச்சீட்டு விற்கிறேன். ஒரு நாள் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உட்காருமுன், மலையை ஒட்டிய என் கடைப் பின்சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். எங்கே போனாலும் அப்படித்தானாம்.

"மக துபாய்லருந்து காசு அனுப்பியிருக்குங்க. கப்பல்ல சுத்திட்டு வரணும். மே மாசம்."

"மே வேணாம் ஐயா. காத்து மழையில கப்பல் ஆடும். டிசம்பர்லருந்து மார்ச் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும்."

"அப்ப மலையும் அமைதியாத்தாங்க இருக்கும். பக்கத்து லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சது மே மாசந்தான். கப்பல் ஆடுனா தெரியுங்க. மலை ஆடாதுங்க, வந்துரும்."

அவர் கேட்ட மாதத்துக்கே பதிவு செய்தேன். எழுந்தவர் மறுபடியும் சுவரில் காதை வைத்தார். இம்முறை வெகுநேரம்.

"ரெண்டு டிக்கட்டா போடுங்க."

"கூட யாரு வர்றாங்க?"

"நீங்கதாங்க."

சிரித்துச் சமாளித்து, ஒரு சீட்டோடு அனுப்பிவைத்தேன்.

இப்போது அவர் கடலில் இருக்கிறார். இங்கே விடாத மழை. மேசையைச் சுவரோரத்திலிருந்து வாசல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். ஏனென்று கேட்பவர்களிடம், வெளிச்சத்துக்காக என்கிறேன்.